ஊர் வேலைகளின் மதிப்பீட்டில் (எஸ்டிமேட்டில்) காலநிலையைச் சேர்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊராட்சித் தலைவர்கள், ஒன்றியப் பொறியாளர்கள், பணி மேற்பார்வையாளர்கள், தொண்டு நிறுவனங்களில் திட்டம் எழுதுபவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் வெவ்வேறு வார்த்தைகளில் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். எடுத்துக்காட்டுகள் எல்லாம் தமிழ்நாட்டு ஊரக வேலைகள். கணக்குகள் முறையைக் காட்டுவதற்காகத் தரப்பட்டவை. உங்கள் ஊருக்கு உங்கள் மட்டங்களை (தரையும் நீரும் எந்த உயரத்தில் என்ற அளவுகளை) எடுத்துத்தான் போட வேண்டும்.

1. காலநிலை மாற்றத்துக்குத் திட்டம்னா மரம் நடுறது, சோலார் போடுறதுதானே? அதைத்தான் நாங்க செஞ்சுட்டு இருக்கோமே?

சோலார் போடுவது கரியமில வாயுவைக் குறைக்கும் வேலை. அதற்குத் தணிப்பு என்று பெயர். தகவமைப்பு வேறு. 1850-1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2011-2020இல் உலகச் சராசரி வெப்பநிலை ஏற்கெனவே 1.1 டிகிரி செல்சியஸ் கூடிவிட்டது. இன்றைக்கே புகையை நிறுத்தினாலும் இந்த மாற்றம் உடனே திரும்பாது. இந்த மாற்றத்துக்கு நடுவிலும் உங்கள் ஊர்ச் சிறுபாலம் அடித்துப் போகாமல், ஏரிக்கரை உடையாமல், குழாயில் தண்ணீர் வருவது நின்றுபோகாமல் இருக்க என்ன செய்வது என்பதுதான் தகவமைப்பு.

இதற்கென்று தனியாக ஒரு வேலை எடுக்க வேண்டும் என்பதில்லை. எப்படியும் செய்யப்போகிற வேலையின் இடம், மட்டம், அளவு ஆகிய மூன்றையும் வேறு மாதிரி முடிவு செய்வதுதான் இதில் பெரும்பகுதி.

2. எங்க வேலை எல்லாம் அஞ்சு லட்சம், பத்து லட்சம். இதுக்கெல்லாமா காலநிலைக் கணக்கு?

சின்ன வேலைதான் முதலில் உடைகிறது. பெரிய அணைக்கும் ஆற்றுப்பாலத்துக்கும் நீரியல் கணக்குப் போட ஆள் இருக்கிறார்கள். ஊராட்சிச் சிறுபாலத்துக்கு மாதிரி வரைபடம் ஒன்றை எடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி மதிப்பீடு தயாராகிவிடுகிறது. ஒரே வரைபடம் மேட்டூருக்கும் வேதாரண்யத்துக்கும் பொருந்தாது.

எல்லா வேலைக்கும் ஒரே அளவு உழைப்புத் தேவையில்லை. 5 ஆண்டில் மாற்றப்போகும் தெருவிளக்குக்கு இந்தக் கணக்கு வேண்டாம். 25 ஆண்டுக்கு மேல் நிற்கப்போகிறதா, நீரோட்டத்தில் அல்லது தாழ்வான இடத்தில் இருக்கிறதா, பழுதானால் மருத்துவமனைக்குப் போகும் வழியோ குடிநீரோ நிற்குமா என்று மூன்றைக் கேளுங்கள். இரண்டுக்கு 'ஆமாம்' என்றால் கணக்குப் போட வேண்டிய வேலை அது.

3. இதை எப்போ கேக்கணும்? தொழில்நுட்ப அனுமதிக்குப் போகும்போது பார்த்துக்கலாமா?

அப்போது நேரம் கடந்துவிட்டிருக்கும். நிர்வாக அனுமதி ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் கிடைத்துவிட்ட பிறகு சிறுபாலத்தின் கண்ணை, அதாவது தண்ணீர் போகும் திறப்பை, அகலப்படுத்தச் சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்காக கிராம சபையில் வேலைகளைப் பட்டியல் போடும்போதே இடத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். மட்டத்தையும் அளவையும் பற்றி, மேற்பார்வையாளர் மதிப்பீட்டுக்காக இடத்தைப் பார்க்க வரும் அன்றைக்கே கேட்க வேண்டும்.

இடத்தைத் தேர்வதில் நடக்கும் தவறுதான் பிறகு திருத்தவே முடியாதது. புறம்போக்கு சுலபமாகக் கிடைக்கிறது என்று ஓடை ஓரத்திலோ ஏரி உள்வாயிலோ அங்கன்வாடி கட்டினால், எவ்வளவு நல்ல கான்கிரீட் போட்டாலும் ஐப்பசியில் அதற்குள் தண்ணீர்தான் நிற்கும்.

4. எங்ககிட்ட எந்தத் தரவும் இல்லையே. எதை வெச்சு ஆரம்பிக்கிறது?

வெள்ளத் தடத்தை வைத்து ஆரம்பியுங்கள். ஒவ்வொரு ஊரிலும் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதற்குச் சுவரில் அடையாளம் இருக்கும். சுண்ணாம்புச் சுவரில் பழுப்புக் கோடாக, கதவின் அடிப்பலகை உப்பிப்போன உயரமாக, கோயில் படிக்கட்டில் எத்தனையாவது படி என்ற நினைவாக. குறைந்தது ஐந்து இடத்தில் அந்தக் கோட்டைப் பெயிண்டால் குறித்து, ஆண்டை எழுதி, படம் எடுங்கள். பிறகு ஓர் அசையாத புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். பள்ளியின் வாசற்படி போதும். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் ட்யூபை வைத்தே ஒவ்வொரு குறியும் அந்தப் படிக்கு எத்தனை சென்டிமீட்டர் மேலே, கீழே என்று எழுதிக்கொள்ளலாம். இனி அந்த ஊரில் எடுக்கும் எல்லா வேலைக்கும் இந்த ஒரு பக்கமே அடிப்படை.

மழைக்கு, இந்திய வானிலை ஆய்வுத் துறை 1901 முதலான அன்றாட மழையளவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து இலவசமாகத் தருகிறது. ஆண்டுச் சராசரியைப் பார்த்துப் பயனில்லை. ஒவ்வோர் ஆண்டிலும் மிக அதிகம் பெய்த ஒரே நாள் எது, எத்தனை மி.மீ. என்று வரிசைப்படுத்துங்கள். ஒரே நாளில் 204.4 மி.மீ.க்கு மேல் பெய்தால் அதை அதிகனமழை என்று துறை வகைப்படுத்துகிறது. உங்கள் வரிசையில் அது எத்தனை முறை வந்திருக்கிறது, கடைசி 20 ஆண்டில் எத்தனை என்று எண்ணினாலே பாதி விவாதம் முடிந்துவிடும்.

யாரைக் கேட்கிறீர்கள் என்பதும் தரவின் தரத்தை மாற்றும். மேட்டுத் தெருவில் நாற்காலி போட்டுக் கேட்டால் 'இங்கே தண்ணியே வராது' என்பார்கள். பல ஊர்களில் தாழ்வான நிலத்தில் இருப்பது காலனிதான். அங்கே போய், தண்ணீர் எத்தனை நாள் நின்றது, சமைக்க எங்கே போனீர்கள் என்று பெண்களிடம் கேளுங்கள். உயரம் மட்டுமல்ல, நின்ற நாட்களும் தெரியவரும்.

5. '25 வருஷ வெள்ளத்துக்கு டிசைன் பண்ணது'ன்னு சொல்றாங்க. அப்போ 25 வருஷத்துக்கு ஒரு தடவைதானே வரும்?

இல்லை. எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு 25இல் ஒரு பங்கு, அதாவது 4% வாய்ப்பு என்பதே அதன் பொருள். அடுத்தடுத்த இரண்டு ஆண்டிலும் வரலாம். ஒரு பாலம் 25 ஆண்டு நிற்குமென்றால், அந்தக் காலத்துக்குள் அந்த வெள்ளத்தை ஒரு தடவையாவது பார்க்கும் வாய்ப்பு ஏறத்தாழ 64%. 10 ஆண்டு வெள்ளத்துக்குக் கட்டியதை 20 ஆண்டு வைத்திருந்தால் 88%. 100 ஆண்டு வெள்ளத்துக்குக் கட்டினாலும் 25 ஆண்டில் 22% வாய்ப்பு இருக்கிறது.

இந்தக் கணக்கும் மழையின் குணம் மாறவே இல்லை என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. பழைய பதிவில் 25 ஆண்டுக்கு ஒரு முறை என்று வந்த மழை, இப்போது அதைவிட அடிக்கடி வரக்கூடும்.

6. அப்போ எவ்வளவு கூட்டிப் போடணும்? ஒரு சதவீதம் சொல்லுங்க.

வெப்பநிலை 1 டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ 7% அதிக நீராவியைத் தாங்கும். இது இயற்பியல். குறுகிய நேரக் கனமழையில் இந்த விளைவு கூடுதலாகவே தெரியலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட ஒன்றியத்தில் 2050இல் எத்தனை சதவீதம் கூடும் என்று எந்தக் கணினிக் காலநிலை மாதிரியும் உறுதியாகச் சொல்லாது. ஒரு சதவீதத்தை எல்லா ஊருக்கும் பொதுவாக எழுதிக் கொடுப்பது தவறு.

அதற்குப் பதில் சோதித்துப் பாருங்கள். இப்போதைய மழைச் செறிவில் (மணிக்கு எத்தனை மி.மீ. பெய்கிறது என்பதில்) கணக்குப் போடுங்கள், பிறகு 20% கூட்டி, பிறகு 40% கூட்டி. ஒவ்வொன்றிலும் என்ன உடைகிறது, அதைத் தவிர்க்க எவ்வளவு செலவு என்று எழுதுங்கள். 20% வரை தாங்க வைக்கும் செலவு சொற்பமாகவும், 40%க்குப் போனால் பாலத்தின் வகையே மாறுவதாகவும் இருந்தால், 20%க்குக் கட்டிவிட்டு, அதற்கு மேல் வந்தால் தண்ணீர் எந்த வழியாகச் சேதமின்றித் தாண்டும் என்று திட்டமிடுங்கள்.

7. சிறுபாலத்துக்கு ஒரு தடவை கணக்குப் போட்டே காட்டுங்களேன்.

80 ஹெக்டேர், அதாவது 0.8 சதுர கி.மீ. நீர்ப்பிடிப்பு உள்ள ஓர் ஓடை. நம் பொறியாளர்கள் வழக்கமாக எடுப்பது ரைவ்ஸ் சூத்திரம்: சதுர கி.மீ. பரப்பின் மூன்றில் இரண்டு அடுக்கை (2/3 படியை) ஒரு கெழுவால், அதாவது இடத்துக்கேற்ற ஒரு நிலை எண்ணால், பெருக்குவது. கடற்கரையிலிருந்து 80 கி.மீ.க்குள் கெழு 6.8, 80 முதல் 160 கி.மீ. வரை 8.5, மலையோரம் 10.2. நம் ஓடைக்கு 8.5 போட்டால் நொடிக்கு 7.3 கன மீட்டர். ஆனால் இந்தச் சூத்திரத்தில் மழையும் இல்லை, நிலப் பயன்பாடும் இல்லை, பரப்பு மட்டும்தான். காலநிலை மாறினாலும் வீட்டுமனை வந்தாலும் விடை மாறாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம், கடலிலிருந்து வெகு உள்ளே இருக்கும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. கடல்தூரத்தை மட்டும் பார்க்கும் சூத்திரம் இதை எப்படிப் பிடிக்கும்?

ஆகவே மழைச் செறிவை வைத்தும் ஒரு தடவை போடுங்கள்: 0.278 × வழிந்தோடும் விகிதம் (பெய்ததில் நிலத்தில் ஊறாமல் ஓடும் பங்கு) × மணிக்கு மி.மீ. × சதுர கி.மீ. வயல்காடாக இருக்கையில் விகிதம் 0.4, செறிவு 70 என்றால் 6.2 கன மீட்டர். செறிவை 20% கூட்டி 84 ஆக்கினால் 7.5. அதே நிலத்தில் மனைப் பிரிவு வந்து விகிதம் 0.6 ஆனால் 11.2. காலநிலையைவிட நிலம் மாறியதுதான் இங்கே பெரிய கூட்டல் என்பதைக் கவனியுங்கள். ஊராட்சியே மனைக்கு அனுமதி கொடுக்கும் இடம் என்பதால் இதைச் சொல்லியாக வேண்டும்.

இப்போது குழாய்க்கு வருவோம். 1000 மி.மீ. குழாயின் குறுக்குப் பரப்பு 0.785 சதுர மீட்டர். நீர் நொடிக்கு 2 மீட்டர் ஓடினால் ஒரு குழாயில் 1.6 கன மீட்டர் போகும். வழக்கமாகப் போடும் இரண்டு குழாய் 3.1 கன மீட்டரோடு நின்றுவிடும். தேவையில் பாதி கூட இல்லை. 2.5 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரத்தில் இரு கண் பெட்டிப்பாலம் போட்டால் 11.2 கன மீட்டர் முக்கால் உயரத்தில் ஓடும். மேலே செடிகொடி, மரக்கிளை வந்தாலும் இடம் இருக்கும். குழாய்கள் பெரும்பாலும் நிரம்புவதற்கு முன்பே அடைத்துக்கொள்கின்றன. ஒரு பெரிய கண் இரண்டு சின்ன கண்களைவிட நல்லது.

அவ்வளவு பணம் இல்லையென்றால் தரைப்பாலம். ஆண்டில் இரண்டு நாள் தண்ணீர் மேலேறிப் போகட்டும் என்று ஒப்புக்கொண்டு, மேற்பரப்பைக் கான்கிரீட்டாக்கி, மேல்புறமும் கீழ்புறமும் அரிப்புத் தடுப்புச் சுவரை ஆழமாக இறக்கி, ஆழம் காட்டும் கம்பம் நட்டால், தண்ணீர் வடிந்ததும் வண்டி ஓடும். சாலை அடித்துப் போவது பெரும்பாலும் கீழ்புற விளிம்பில் மண் அரித்துத்தான்.

8. ரோட்டை உசத்திப் போட்டா தண்ணி ஏறாதே, அது போதாதா?

சாலைமேல் ஏறாது; சாலைக்கு அந்தப்பக்கம் தேங்கும். போதிய கண்கள் இல்லாமல் உயர்த்திய சாலை ஓர் அணைக்கட்டு. 4ஆம் கேள்வியில் சொன்ன தாழ்வான தெரு அந்த அணைக்கு மேல்புறம் இருந்தால், முன்பு ஒரு நாளில் வடிந்த தண்ணீர் நான்கு நாள் நிற்கும். ஊருக்குள் தார் மேல் தார் போட்டு வீட்டு வாசல்கள் சாலைக்குக் கீழே போவதும் இதே கதைதான். பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே மறுபடி போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார்.

உயர்த்தித்தான் ஆக வேண்டுமென்றால், உயர்த்துவதற்கு முன் தண்ணீர் சாலையை எங்கெங்கே குறுக்கே கடந்தது என்று பார்த்து, அந்த ஒவ்வோர் இடத்திலும் கண் விடுங்கள். மதிப்பீட்டில் இரண்டையும் ஒரே வேலையாகக் காட்டுங்கள். சாலையை இந்த ஆண்டும் சிறுபாலத்தை அடுத்த ஆண்டும் என்று பிரித்தால், இடையில் வரும் மழைக்காலம் முழுக்க அந்தத் தெரு மூழ்கும்.

9. ஏரியை எவ்வளவு ஆழமா வெட்டினாலும் நல்லதுதானே? தண்ணி கூட நிக்கும்ல?

மதகின் அடிமட்டத்துக்குக் கீழே வெட்டினால் அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகாது. கால்நடைக்கும் நிலத்தடி நீருக்கும் உதவலாம்; பாசனப் பரப்பு கூடும் என்று மதிப்பீட்டில் எழுதினால் அது பொய்க் கணக்கு. அதைவிட மோசமானது, அடியிலுள்ள களிமண் படிவத்தைத் தாண்டி மணற்பாங்கு வரை தோண்டிவிடுவது. பிறகு ஏரி நிரம்பிய வேகத்திலேயே கீழிறங்கும். கரையின் உள்சரிவு அடியை ஒட்டித் தோண்டினால் கரையே சரியும். 10 மீட்டராவது தள்ளித் தோண்டச் சொல்லுங்கள். வண்டலை மட்டும் எடுத்து, வரத்துக் கால்வாயைச் சுத்தம் செய்தால் பெரும்பாலான ஏரிகளுக்குப் போதும். வரத்து அடைபட்ட ஏரியை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் அது வெறும் பள்ளம்தான்.

10. கலிங்கை ஒரு அடி உசத்தினா கூடுதல் தண்ணி தேங்கும்னு விவசாயிங்க கேக்கறாங்க. செய்யலாமா?

கலிங்கு என்பது ஏரி நிரம்பியதும் உபரி நீர் வழிந்தோடும் சுவர். கேட்பதில் நியாயம் இருக்கிறது. மழை நாட்கள் குறைந்து, பெய்யும் நாளில் கொட்டுகிறது என்றால் தேக்கி வைக்கத்தான் தோன்றும். ஆனால் கரையை உயர்த்தாமல் கலிங்கை மட்டும் உயர்த்துவது, கரையின் பாதுகாப்பிலிருந்து கடன் வாங்கித் தண்ணீர் தேக்குவது. கணக்கைப் பாருங்கள். 20 மீட்டர் நீளக் கலிங்கின் மேல் 0.6 மீட்டர் உயரம் நீர் போனால் வெளியேறுவது நொடிக்கு ஏறத்தாழ 16 கன மீட்டர் (1.7 × நீளம் × உயரத்தின் ஒன்றரை அடுக்கு). கரையின் உச்சி கலிங்குக்கு மேல் 1.5 மீட்டர் என்றால் 0.9 மீட்டர் மிச்சம். கலிங்கை 0.3 மீட்டர் உயர்த்தினால் மிச்சம் 0.6. அதோடு வெள்ளம் 29 கன மீட்டராகக் கூடினால் கலிங்கின் மேல் 0.9 மீட்டர் ஏறும், மிச்சம் 0.3தான். காற்றடித்தால் அலையே கரையைத் தாண்டும். மண்கரையின் மேல் தண்ணீர் வழிய ஆரம்பித்தால் சில மணி நேரத்தில் உடைப்பு.

2023 டிசம்பர் 17-18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பெய்தது, அந்த மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பல குளங்கள் உடைந்தன. நம் ஏரிகள் சங்கிலித் தொடர்; மேல் ஏரி உடைந்தால் அதன் மொத்தத் தண்ணீரும் ஒரே நேரத்தில் கீழ் ஏரிக்கு வருகிறது, எந்தக் கலிங்கும் அதற்காகக் கட்டப்படவில்லை. அதனால் ஓர் ஏரிக்கு மதிப்பீடு போடும்போது மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று ஏரிகளின் கரை, கலிங்கு மட்டங்களை எடுங்கள். தேக்கமும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும் என்றால் கலிங்கின் நீளத்தைக் கூட்டுங்கள். 30 மீட்டர் ஆக்கினால் அதே 0.6 மீட்டரில் 24 கன மீட்டர் போகும்.

11. குடிநீருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? தொட்டி உயரத்துல தானே இருக்கு.

தொட்டி உயரத்தில் இருக்கிறது. அதை நிரப்பும் மோட்டாரின் பேனல் போர்டு இடுப்பளவில் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. நிலத்தடியில் தண்ணீர் இருந்தது, தொட்டி நின்றது, மின்சாரம் இல்லை. குடத்தோடு ஜெனரேட்டரைத் தேடி அலைய வேண்டியதாயிற்று.

செய்ய வேண்டியது பெரிதல்ல. பேனல் போர்டை 4ஆம் கேள்வியில் குறித்த வெள்ள மட்டத்துக்கு 60 செ.மீ. மேலே ஏற்றுங்கள். ஜெனரேட்டரை நேரே இணைக்க மாற்றுச் சுவிட்சு ஒன்று போட்டு, எத்தனை கே.வி.ஏ. வேண்டும் என்று கதவிலேயே எழுதுங்கள். ஆழ்துளைக் கிணற்றின் உறைக்குழாயையும் வெள்ள மட்டத்துக்கு மேல் நீட்டி மூடுங்கள். இல்லாவிட்டால் சாக்கடை கலந்த தண்ணீர் நேரே உள்ளே இறங்கும். 1,500 பேர் உள்ள ஊரில் தலைக்கு 55 லிட்டர் என்றால் நாளுக்கு 82,500 லிட்டர். புயலன்று குடிக்கவும் சமைக்கவும் 15 லிட்டர் என்று சுருக்கினால் 22,500. 30,000 லிட்டர் தொட்டி முழுக்க நிரம்பியிருந்தால் ஒரு நாளைக்குச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். புயல் எச்சரிக்கை வந்ததும் தொட்டியை நிரப்பி வால்வை மூடுவது யார் பொறுப்பு என்று பெயரோடு எழுதிவையுங்கள்.

12. பள்ளிக்கூடம், அங்கன்வாடி கட்டும்போது என்ன மாத்தணும்?

அடித்தள மட்டம், காற்று, கம்பி, கூரை. 60 சதுர மீட்டர் அங்கன்வாடியின் தரைமட்டத்தை 30 செ.மீ. உயர்த்த, சுற்றுச்சுவரில் ஏறத்தாழ 2.2 கன மீட்டர் கட்டுமானமும் 18 கன மீட்டர் நிரப்பு மண்ணும் கூடுதலாக வேண்டும். அவ்வளவுதான். மண்ணை ஒரே தடவையில் கொட்டாமல் 20 செ.மீ. அடுக்காகத் தண்ணீர் விட்டுத் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும்; இல்லாவிட்டால் தரை இறங்கி ஓடு வெடிக்கும்.

கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கி.மீ.க்குள், புயலுக்குப் பிறகும் பயன்பட வேண்டிய கட்டடங்களுக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதியின் மூன்றாம் பகுதி காற்றின் வேகத்தை 1.3ஆல் பெருக்கச் சொல்கிறது. அழுத்தம் வேகத்தின் இருமடி என்பதால் 69% கூடுகிறது. பள்ளி நிவாரண முகாமாகப் பயன்படும் என்றால் இந்த எண் மதிப்பீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். கடற்காற்று நேரே படும் இடத்தில் கான்கிரீட்டுக்கான தர விதி ஐ.எஸ். 456படி குறைந்தது எம்30 வலிமையுள்ள கான்கிரீட், கம்பிக்கு மேல் 45 மி.மீ. உறை. உள்ளூர் வழக்கத்தில் 20 மி.மீ. விட்டுக் கட்டினால் உப்பு சீக்கிரமே கம்பியைப் பிடித்துவிடும்.

வெப்பத்தை மறந்துவிடாதீர்கள். தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. தகரக் கூரையின் கீழே குழந்தைகளை உட்கார வைக்கும் வடிவமைப்பை இனிமேல் ஏற்கவே கூடாது. மாடித்தளத்துக்கு வெள்ளை ஓடு அல்லது வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு, எதிரெதிர்ச் சன்னல், தெற்கிலும் மேற்கிலும் நிழல். பூச்சு அழுக்கேறினால் பயன் குறையும் என்பதால் ஆண்டுக்கொரு முறை கழுவச் செலவு ஒதுக்க வேண்டும்.

13. மாதிரி வரைபடத்தை மீறிக் கூட்டிப் போட்டா ஆடிட்ல கேள்வி வருமே?

காரணம் எழுதாமல் கூட்டினால் வரும். மதிப்பீட்டோடு ஒரு பக்கக் குறிப்பை இணையுங்கள்: வெள்ளக் குறியின் படமும் மட்டமும், 7ஆம் கேள்வியில் போட்டது போன்ற கணக்கு, மாதிரி வரைபடத்தின்படி கட்டினால் எத்தனை கன மீட்டர் போகும், எவ்வளவு போக வேண்டும், கூடுதல் செலவு எவ்வளவு, கடந்த வெள்ளத்தில் அதே இடத்தில் பழுதுபார்க்க ஆன செலவு எவ்வளவு. கடைசி எண்தான் மிக வலுவானது. ஒன்றிய அலுவலகத்தின் பழைய பில்லிலேயே அது கிடைக்கும். 'காலநிலை மாற்றத்தால்' என்று ஒரு வரி எழுதுவது காரணம் ஆகாது.

14. இதுக்குன்னு தனி நிதி உண்டா? கேட்டா 'இது வழக்கமான வளர்ச்சி வேலைதானே'ன்னு திருப்பி அனுப்பறாங்க.

தேசிய காலநிலைத் தகவமைப்பு நிதி 2015இல் உருவாக்கப்பட்டது. அதைச் செயல்படுத்தும் பொறுப்பு நபார்டு வங்கியிடம் தரப்பட்டது; 2022 நவம்பர் முதல் அது தனித் திட்டமாக இல்லை. 15ஆவது நிதிக்குழு 2021-26க்குப் பேரிடர் நிதியில் 20 சதவீதத்தைப் பேரிடர்ச் சேதத்தை முன்கூட்டியே குறைக்கும் பணிகளுக்கென்று ஒதுக்கியது. மாநிலத்தில் காலநிலை மாற்ற இயக்கம் 2022 டிசம்பரில் தொடங்கியது. மாவட்ட அளவில் அதற்குப் பொறுப்பு மாவட்ட ஆட்சியர். ஆனால் ஊராட்சி வேலைகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே வரும் நிதியிலேயே நடக்கப்போகிறவை. தனி நிதிக்காகக் காத்திருந்தால் அதுவரை தவறான மட்டத்தில் கட்டிக்கொண்டே இருப்போம்.

திருப்பி அனுப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் எழுத்தில்தான் இருக்கிறது. பன்னாட்டு வளர்ச்சி வங்கிகள் தகவமைப்புச் செலவைக் கணக்கிட மூன்றைப் பார்க்கின்றன: இந்த இடத்துக்குக் காலநிலையால் என்ன பாதிப்பு, அதைக் குறைப்பதே நோக்கம் என்று திட்டம் சொல்கிறதா, எந்தச் செயல் அந்தப் பாதிப்பைக் குறைக்கிறது. மூன்றும் கோத்து வர வேண்டும். முதல் பக்கத்தில் கடல்மட்ட உயர்வைப் பற்றி எழுதிவிட்டு, உள்ளே சேலம் மாவட்டத்துச் சமுதாயக் கூடத்தைக் கேட்டால் யார் கொடுப்பார்கள்? சிறுபாலம் முழுவதையும் தகவமைப்பு என்று காட்டாதீர்கள். இரு குழாயிலிருந்து பெட்டிப்பாலத்துக்குப் போக ஆகும் கூடுதல் தொகையைத் தனியே பிரித்துக் காட்டினால் நம்பிக்கை வரும்.

15. கடல் அரிப்புக்குக் கல் கொட்டிட்டா தீர்ந்துடுமே?

உங்கள் ஊருக்குத் தீரலாம். பக்கத்து ஊருக்கு ஆரம்பிக்கும். நம் கிழக்குக் கரையில் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே ஏதாவது கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம் பக்கமும், புதுச்சேரித் துறைமுகத்துக்கு வடக்கேயும் நடந்தது இதுதான். தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிப் போடும் கல்தடுப்பு) கேட்கும் ஊராட்சி, வடக்கே இருக்கும் இரண்டு ஊரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசாமல் தீர்மானம் போடக் கூடாது.

அலையாத்தி நடுவதும் இடம் பார்த்துத்தான். உப்பு தேங்கி இறுகிய நிலத்தில் நாற்று நட்டால் காய்ந்துவிடும். பிச்சாவரத்தில் பலன் தந்தது, மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டி ஓதநீர் (கடல் ஏறி இறங்கும்போது வரும் நீர்) வந்து போக வழிவிட்ட பிறகு நட்டதுதான். மதிப்பீட்டில் நாற்று எண்ணிக்கை பெரிதாகவும் கால்வாய் வேலை சிறிதாகவும் இருந்தால் கேள்வி கேளுங்கள்.

16. கடல்மட்டம் 2100க்குள்ள கால் மீட்டரா ஒரு மீட்டரான்னே உறுதியா தெரியாதப்போ எதை நம்பிக் கட்டறது?

உலகச் சராசரி உயர்வு, புகையை நாம் எவ்வளவு குறைக்கிறோம் என்பதைப் பொறுத்து, 2100க்குள் 0.28 முதல் 1.01 மீட்டர் வரை என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாவது அறிக்கை மதிப்பிடுகிறது. இவ்வளவு அகன்ற எல்லைக்கு ஒரே தடவையில் கட்டத் தேவையில்லை. இன்று தேவையானதைக் கட்டி, நாளை கூட்ட வழி விடுங்கள். கரையை இன்று 1 மீட்டர் உயரத்துக்குப் போட்டாலும் அடியகலத்துக்கான நிலத்தை 2 மீட்டர் உயரத்துக்குக் கணக்குப் போட்டு ஒதுக்குங்கள். பிறகு அங்கே வீடு வந்துவிட்டால் உயர்த்தவே முடியாது.

எப்போது அடுத்த கட்டம் என்பதற்கு ஓர் எண்ணை இன்றே முடிவு செய்யுங்கள். எடுத்துக்காட்டாக, கடலோர ஆழ்துளைக் கிணற்றில் ஆண்டுக்கு இரு முறை, சித்திரையிலும் தையிலும், கரைந்த உப்பை அளக்கிறோம். குடிநீர்த் தர நிர்ணயத்தின்படி விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 500 மி.கி., வேறு வழியே இல்லாவிட்டால் உச்சம் 2,000. 1,500ஐத் தொட்டால் மாற்று ஆதாரத்துக்கு மதிப்பீடு போடுவது என்று இப்போதே தீர்மானத்தில் எழுதிவிட்டால், 2,000ஐத் தாண்டிய பிறகு லாரித் தண்ணீருக்கு ஓட வேண்டியிருக்காது.

17. வேலை முடிஞ்சுது. பலன் கிடைச்சுதான்னு எப்படிச் சொல்றது?

எத்தனை மீட்டர் கட்டினோம் என்பது பலன் அல்ல. இந்த மழைக்காலத்தில் சாலை எத்தனை மணி நேரம் துண்டிக்கப்பட்டது, மின்சாரம் போன பிறகு எத்தனை மணி நேரத்தில் குழாயில் தண்ணீர் வந்தது, தாழ்வான தெருவில் எத்தனை நாள் நீர் நின்றது என்ற மூன்றையும் வேலைக்கு முன்பும் பின்பும் எழுதுங்கள். மழை குறைந்த ஆண்டை நல்ல ஆண்டு என்று கணக்கு வைத்துவிடாமல், பக்கத்தில் அந்த ஆண்டின் அதிகபட்ச ஒரு நாள் மழையையும் குறியுங்கள்.

பராமரிப்புக்கு நாள் குறிப்பது இதில் பாதி. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்குகிறது. அதனால் புரட்டாசி முடிவதற்குள் சிறுபாலக் கண், வரத்துக் கால்வாய், கலிங்கின் கீழ்புறம் மூன்றையும் சுத்தம் செய்து, மதகுத் திருகுக்குக் கிரீஸ் போட்டு ஒரு முறை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். மாற்றுச் சுவிட்சில் ஜெனரேட்டரை இணைத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். காந்தி ஜெயந்தி கிராம சபையில் இந்தச் சோதனையின் விடையைப் படிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், செப்டம்பர் கடைசி வாரத்துக்குள் வேலை நடந்துவிடும்.